இரத்தத்தில் இல்லையென்றால் நோயே இல்லையா?

சென்ற இதழில் குழந்தைகளுக்கான தடுப்பூசிகள் பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த சிலர், "பிள்ளைகளைப் பற்றி எழுதினீர்கள், நல்லது. எந்த நேரமும் களைப்பு என்று சொல்லிக்கொண்டு திரியும் எங்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள்" என்று கேட்டார்கள். ஆகவே இம்முறை களைப்பில் தொடங்குகிறோம். ஆனால் நாம் போய்ச் சேரப்போகும் இடம் களைப்பு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அல்பர்ட்ஸ்லுண்டில் மார்கழி மாதத்தில் பின்னேரம் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலமை ஐந்து மணிக்கு எழும்பி, இருட்டோடு ஹெர்ஸ்டட் தொழிற்பேட்டைக்குப் போய், எட்டு மணித்தியாலம் நின்றபடி வேலை செய்து, அதன்பிறகு மொழிப் பாடசாலைக்கும் போய்வருகிற எங்களில் களைப்பு இல்லாத ஆள் யார்? நித்திரை கொண்டால் தீருகிற களைப்பு அது. கை கால் அசைக்க மனமில்லையே தவிர, அசைக்க வேண்டி வந்தால் அசைக்கலாம். பஸ் போகப்போகிறது என்றால் ஓடிப்போய் ஏறிவிடுகிறோம்.

பலமின்மை வேறு. மனம் ஏவினாலும் தசை கேட்காது. இமையைத் திறக்க நினைத்தாலும் அது பாதியில் நிற்கும். தமிழில் இந்த இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருக்கிறது. ஆனால் வைத்தியரின் அறைக்குள் போனதும் நாங்கள் எல்லோரும் சொல்வது, டெனிஷ் வகுப்பில் முதல் மாதத்தில் படித்த 'த்ரெட்' என்ற ஒரே சொல்லைத்தான். களைப்பும் 'த்ரெட்', கவலையும் 'த்ரெட்', கண்மடல் விழுவதும் 'த்ரெட்'. வைத்தியர் எழுதிக்கொள்வதும் அதையே.

நாங்கள் வைத்தியம் படித்தவர்கள் அல்ல. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர்கள். ஆனாலும் எமது பகுதியில் நடந்த ஒரு விடயத்தின்பின் இதைப்பற்றி வாசிக்கவும் விளக்கம் தெரிந்தவர்களிடம் கேட்கவும் தொடங்கினோம். அறிந்ததை எழுதுகிறோம்.

அந்த நோயின் பெயர் மயஸ்தீனியா கிறேவிஸ். கடுமையான தசைப் பலவீனம் என்பது அதன் கருத்து. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பின் ஒரு பகுதியை எதிரியென்று நினைத்துத் தாக்குகிற நோய்களில் இதுவும் ஒன்று. தொற்றுநோய் அல்ல. ஆண், பெண், இளையவர், முதியவர் எவருக்கும் வரலாம். நாற்பதுக்குக் கீழே பெண்களுக்கும், அறுபதுக்கு மேலே ஆண்களுக்கும் கூடுதலாக வருகிறது.

எப்படி நடக்கிறது என்பதை ஊர்த் தோட்டத்தை நினைத்துக்கொண்டால் இலகுவாக விளங்கும். துலாவில் இறைக்கிற தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து மடைவாயால் பாத்திக்குள் போகிறது. நரம்புதான் இறைக்கிற ஆள். தண்ணீர் என்பது நரம்பின் நுனியில் ஊறும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம். தசையின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் வாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எதிர்ப்பொருட்கள் போய் இந்த வாய்களை அடைத்தும் அழித்தும் விடுகின்றன. இறைப்பு நடக்கிறது, தண்ணீரும் வருகிறது, பாத்திக்குள் போவது கொஞ்சம். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவருக்குமே அடுத்தடுத்து இறைக்க இறைக்க ஒவ்வொரு முறையும் வரும் தண்ணீர் சற்றுச் சற்றாகக் குறையும். வாய்கள் நிறைய இருப்பவனுக்கு அந்தக் குறைவு தெரியாது. வாய்கள் குறைந்தவனுக்கு, நாலு முறை கை உயர்த்தியபின் ஐந்தாம் முறை கை உயராது. கொஞ்சம் ஓய்ந்திருந்தால் திரும்பவும் உயரும். காலமை சுகமாகவும் பின்னேரம் மோசமாகவும் இருப்பதன் காரணம் இதுதான்.

இனி நடந்த விடயம். எமது பகுதியில் ஒரு அக்கா இருக்கிறார். அவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம், பெயரும் வேலைத்தலமும் வேண்டாம். முதலில் அவருக்கு ஒரு கண்மடல் மட்டும் பின்னேரங்களில் தாழ்ந்தது. வேலையில் மேற்பார்வை பார்க்கிறவன் "இரவு நித்திரை இல்லையா?" என்று பகிடி விட்டான். பிறகு பஸ் வரும்போது இரண்டு பஸ் தெரிந்தது. ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகிவிடும். தலை இழுக்கக் கையைத் தூக்கினால் பாதியில் சீப்பை வைத்துவிட்டு இருக்க வேண்டும். இறைச்சிக் கறியை நாலு வாய் சப்பியதும் தாடை ஓய்ந்துவிடும், கையால் நாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சப்புவார். தொலைபேசியில் தாயோடு கதைக்கத் தொடங்கும்போது குரல் வடிவாக இருக்கும். பத்து நிமிடத்தில் மூக்கால் கதைப்பதுபோல ஆகிவிடும். "ஏன் பிள்ளை அழுகிறாய்?" என்று தாய் கேட்பாராம். அவர் அழவில்லை.

வைத்தியரிடம் போக எப்போதும் கிடைத்தது காலமை ஒன்பது மணிதான். ஒன்பது மணிக்கு அவருக்கு ஒரு குறையும் இராது. கண்ணைத் திற என்றால் திறந்தார், கையை இறுக்கிப் பிடி என்றால் பிடித்தார். மொழிபெயர்த்தது பதினொரு வயது மகன். தாய் சொன்ன பத்து வசனத்துக்கு அவன் சொன்னது "அம்மாவுக்குக் களைப்பு" என்ற ஒன்றுதான். அவனைக் குறை சொல்ல முடியாது. பிறகு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தது. அதோடு கதை முடிந்தது. போர் நாட்டிலிருந்து வந்தவர், மனப்பாரம் இருக்கும், நடந்து திரியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சரியான பெயர் கிடைக்க இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது.

போர் தந்த மனப்பாரம் எங்களிடம் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, அது உடம்பையும் வாட்டும், அதற்கும் வைத்தியம் தேவை. ஆனால் துக்கம் ஒரு கண்மடலை மட்டும் பிடித்து, அதுவும் பின்னேரம் பார்த்து இழுத்துவிடுவதில்லை.

இப்படி அனுப்பிவிடுவது எங்களோடு தொடங்கியதல்ல. 1672ஆம் ஆண்டிலேயே தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். நன்றாகக் கதைத்துக்கொண்டிருப்பவர், நீண்டநேரம் கதைத்தால் பேச்சு முற்றாக நின்றுபோகுமாம். ஒன்றிரண்டு மணித்தியாலம் ஓய்ந்தபின்தான் திரும்பி வருமாம். அதற்கு இருநூறு வருடங்களுக்குப் பின், 1877இல், இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் இன்னொரு பெண்ணைப் பற்றி எழுதினார். நடக்க முடியவில்லை, பேச்சு இழுபட்டது, கண் சற்று மாறியது. இது மனக்கோளாறு, ஹிஸ்டீரியா என்றே முதலில் எண்ணினார்கள். கொஞ்சக் காலத்தில் விழுங்கவும் மூச்சுவிடவும் முடியாமல் அவர் இறந்துபோனார். இறந்தபின் மூளையின் அடிப்பகுதியை எடுத்துக் கவனமாகப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை. பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் ஆள் இறந்துவிட்டார். இந்த நோயைப்பற்றி வாசித்தவற்றில் எங்கள் மனதில் அதிகம் தங்கியது இதுதான். நோய் இருந்த இடம் மூளை அல்ல. நரம்பு தசையைத் தொடுகிற இடம். அங்கே பார்க்க அன்று எவருக்கும் தெரியாது.

1934இல் கிரீனிச்சில் சென். அல்ஃபேஜ் வைத்தியசாலையில் வேலை செய்த மேரி வோக்கர் என்ற பெண் வைத்தியர்தான் முதல் மருந்தைக் கண்டார். தென் அமெரிக்க வேடர்கள் அம்பில் பூசும் கியூராரே விஷம் ஏறியவரின் நிலையும் இந்த நோயாளியின் நிலையும் ஒன்றுபோல இருக்கிறதே என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. அப்படியென்றால் அந்த விஷத்துக்கான மாற்று மருந்து இதற்கும் சரிவருமா என்று ஊசி போட்டுப் பார்த்தார். விழுந்திருந்த கண்மடல் உயர்ந்தது. சில மணித்தியாலத்தில் திரும்ப விழுந்தது, அது வேறு விடயம். இன்று கொடுக்கும் பிரிடோஸ்டிக்மின் குளிசை அந்த வழியில் வந்ததுதான்.

விஷம் என்றதும் எங்கள் ஊரையும் சொல்ல வேண்டும். எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்கிற பாம்பை வாசகர்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்து வெறும் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இரவில் கடிக்கும், கடித்த இடம் நோகாது, வீங்காது. விடியும்போது கண்மடல் இரண்டும் விழுந்திருக்கும், பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியாக மூச்சு. இந்தப் பாம்பின் தாய்வான் இனத்தவனுடைய விஷத்திலிருந்து சாங், லீ என்ற இரு ஆராய்ச்சியாளர் 1963இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது தசையின் மேலுள்ள அந்த வாய்களை மட்டும் தேடிப்போய் விடாமல் ஒட்டிக்கொள்ளும். அதைக் கொண்டுதான் வாய்களை எண்ண முடிந்தது. 1973இல் நோயாளிகளின் தசையில் வாய்கள் குறைந்திருப்பதை அப்படித்தான் கண்டார்கள். அதே வருடம் அமெரிக்காவில் பற்றிக், லின்ட்ஸ்ட்ரோம் என்ற இருவர் மின்விலாங்கிலிருந்து எடுத்த இந்த வாய்ப்பொருளை முயல்களுக்கு ஏற்றினார்கள். முயலின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கியது, அந்த எதிர்ப்பொருள் முயலின் தசையையே தாக்கி அது துவண்டு விழுந்தது. 1976இல் மனிதரின் இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை வந்தது. பார்த்த நோயாளிகளில் நூற்றுக்கு 87 பேரிடம் இருந்தது. எட்டடி விரியனால் இப்படி ஒரு நன்மையும் இருக்கிறது.

நூற்றுக்கு 87 என்பது பெரிய வெற்றிதான். ஆனால் மற்ற 13 பேர்? கண்ணை மட்டும் பிடித்த நோயாளிகளில் இந்தப் பரிசோதனை ஏறக்குறையப் பாதிப் பேரை மட்டுமே காட்டும். பரிசோதனை வரமுன் நோயாளியின் கண்ணையும் குரலையும் பார்த்து வைத்தியர் முடிவு செய்தார். பரிசோதனை வந்தபின் கடதாசியைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

டென்மார்க்குக்கு வந்த புதிதில் எங்களுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். சி.பி.ஆர். இலக்கம் வரும்வரை எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு "அப்படி ஒரு ஆள் இல்லையே" என்பார்கள். ஆள் முன்னால் கதிரையில் பிள்ளையோடு இருப்பார்! பதிவில் இல்லை என்பது ஒன்று, ஆள் இல்லை என்பது வேறொன்று. இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். ஒரு பெயரைக் கொடுத்துத் தேடினால் அந்தப் பெயர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும்.

1986இல் இங்கிலாந்தில் மொஸ்மன், ஏஞ்சலா வின்சென்ட், ஜோன் நியூசம்-டேவிஸ் என்போர் இதைத் திட்டவட்டமாகக் காட்டினார்கள். பரிசோதனையில் 'இல்லை' என்று வந்த நோயாளிகளின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருட்களைப் பிரித்து எலிகளுக்கு ஏற்றினார்கள். எலிகளின் நரம்பு தசையைத் தொடும் இடத்தில் பழுது வந்தது. ஆக, அந்த இரத்தத்தில் ஏதோ இருந்தது. அதற்கு என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை. பெயர் கண்டுபிடிக்கப் பதினைந்து வருடம் எடுத்தது. 2001இல் ஒக்ஸ்போர்டில் வின்சென்ட்டின் குழுவினரும் ஜேர்மனியில் இருந்த அவர்களின் கூட்டாளிகளும் மஸ்க் என்ற வேறொரு தசைப்புரதத்தை இந்த எதிர்ப்பொருள் தாக்குவதைக் கண்டார்கள். 2011இல் எல்.ஆர்.பி.4 என்ற மூன்றாவதும் வந்தது. இடையில் 2008இல், பழைய பரிசோதனைக்குப் பிடிபடாத பலவீனமான எதிர்ப்பொருட்களை உயிருள்ள கலங்களின் மேல் வைத்துப் பார்த்தால் பிடிக்கலாம் என்பதும் தெரியவந்தது. இவ்வளவும் பார்த்தபின்பும் ஒன்றும் காட்டாத சிலர் இன்றும் இருக்கிறார்கள். ஆக, 1990இல் 'இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் இரத்தம் 2001இல் 'இருக்கிறது' என்று சொல்லியிருக்கும். இடைப்பட்ட பதினொரு வருடம் அவருக்கு நோய் இருக்கவில்லையா?

மஸ்க் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. கை காலைவிட முகம், தொண்டை, கழுத்து, மூச்சு ஆகியவற்றைப் பிடிக்கும். வழமையான குளிசை அதற்குச் சரிவராமல் போவதும் உண்டு. இரத்தத்திலும் இல்லை, குளிசைக்கும் கேட்கவில்லை, ஆகவே இது மனம்தான் என்று முடிவு கட்ட எல்லாம் பொருந்தி வந்துவிடும். பெண்களுக்கும், இரத்தத்தில் காட்டாதவர்களுக்கும் இந்த நோயைக் கண்டுபிடிக்கக் கூடிய காலம் எடுக்கிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. எங்களுக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை.

புது மருந்துகளிலும் இந்தக் கோடு விழுந்திருக்கிறது. 2022இல் ஐரோப்பாவில் எஃப்கார்டிகிமொட் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது, முதற் சொன்ன எதிர்ப்பொருள் இரத்தத்தில் உள்ளவர்களுக்கென்றே அந்த அனுமதி எழுதப்பட்டது. இரத்தம் காட்டாதவர் மருந்துக்கும் வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

இரத்தம் தவிர வேறு வழிகளும் உண்டு. நரம்பில் மின்சாரத்தை அடுத்தடுத்துக் கொடுத்துத் தசையின் அசைவு குறைந்துகொண்டு போகிறதா என்று பார்ப்பது ஒன்று. ஜேர்மனியின் ஃபிரிட்றிக் யோலி 1895இல் தொடங்கியது. இதிலும் ஒரு பிழை நடக்கலாம். கண்ணிலும் முகத்திலும் நோய் உள்ளவருக்குக் கையில் மட்டும் பார்த்தால் நன்றாகவே வரும். நோய் உள்ள தசையில் பார்க்க வேண்டும். குளிசை குடித்துவிட்டுப் போனாலும் நன்றாக வந்துவிடும், ஆகவே முதலே எத்தனை மணித்தியாலம் நிறுத்த வேண்டும் என்று வைத்தியசாலையில் கேட்டு அதன்படி செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் கூர்மையானது தசையின் ஒவ்வொரு நாரையும் தனித்தனியே மெல்லிய ஊசியால் பார்ப்பது. எங்கள் பக்கத்து நாடான சுவீடனில், உப்சாலாவில், எறிக் ஸ்டோல்பேர்க்கும் யான் எக்ஸ்டெட்டும் 1960களில் உண்டாக்கிய முறை. நோய் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களை இது காட்டும். ஆனால் வேறு சில நரம்பு, தசை நோய்களிலும் இது பிழை காட்டும் என்பதால் பழகிய கையும் கண்ணும் தேவை. அந்த அக்காவுக்குக் கடைசியில் பதில் சொன்னது இதுதான். நெற்றித் தசையில் பார்த்தார்கள்.

செலவில்லாத ஒன்றும் உண்டு. விழுந்த கண்மடலின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இரண்டு நிமிடம் வைத்தால், இந்த நோய் என்றால் மடல் உயரும். குளிரில் அந்த இரசாயனம் அழிவது குறைவதே காரணம். டென்மார்க்கின் குளிரால் ஒரு பிரயோசனம் என்று அந்த அக்காவே பகிடியாகச் சொன்னார். இதை வைத்தியரின் முன்னால்தான் செய்விக்க வேண்டும்.

வைத்தியர்கள் எல்லோரும் கவனமில்லாதவர்கள் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். 1991இல் வெளியான டென்மார்க் ஆய்வின்படி பத்து இலட்சம் பேருக்கு எண்பது பேரளவில்தான் இந்த நோய் இருந்தது. இன்றைய கணக்குகள் அதைவிடக் கூடச் சொல்கின்றன, நூற்றைம்பது, இருநூறு என்று. அல்பர்ட்ஸ்லுண்டில் இருப்பது இருபத்தெட்டாயிரம் பேர் என்று வைத்தால் முழுக் கொம்யூனிலும் நாலைந்து பேர். ஒரு குடும்ப வைத்தியரிடம் 1600 பேர் பதிந்திருந்தால், அவர் தன் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடக் காணாமல் ஓய்வு பெறலாம். காணாததை நினைப்பது எவருக்கும் கடினம். ஆகவே நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிற செய்தி தெளிவாக இருக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தெளிவைப் பற்றித்தான் இனிச் சொல்கிறோம். பின்னேரம் கண்மடல் விழும்போது படம் எடுங்கள், காலமையும் ஒன்று எடுங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள். குரல் மாறும்போது பதிவு செய்யுங்கள். அந்த அக்காவின் மகன் எடுத்த இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டபோதுதான் வைத்தியர் நிமிர்ந்து இருந்தார். நேரம் எடுக்கும்போது பின்னேரத்தில் தரும்படி கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை அப்போதே சொல்லுங்கள், வளர்ந்த ஆளாக இருக்க வேண்டும். பிள்ளையை இதற்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். 'த்ரெட்' என்ற சொல்லை விட்டுவிட்டு, என்ன வேலையை எத்தனை முறை செய்தபின் முடியாமல் போகிறது என்று சொல்லுங்கள். "மூன்று மாடி ஏறினால் நாலாவது ஏறமுடியவில்லை, பத்து நிமிடம் இருந்தால் ஏறலாம்" என்பது எந்த மொழிக்கும் விளங்கும். நரம்பியல் வைத்தியரிடம் போகக் குடும்ப வைத்தியரின் கடிதம் வேண்டும். ஆனால் கண் வைத்தியரிடமும், காது மூக்குத் தொண்டை வைத்தியரிடமும் கடிதம் இல்லாமல் நேரே போகலாம் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. கண்மடலோ இரட்டைப் பார்வையோ என்றால் அதுவும் ஒரு வழி. பரிசோதனை 'இல்லை' என்று வந்தால் எதைத் தேடினீர்கள், மஸ்க்கும் பார்த்தீர்களா, நோயுள்ள தசையில் மின்சாரம் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்கள் ஊரில் பழக்கியிருக்கிறார்கள், இங்கே அப்படி இல்லை. உங்கள் மருத்துவப் பதிவைப் பார்க்கவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. முதலில் 'இல்லை' என்று வந்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் பார்க்க 'இருக்கிறது' என்று வந்தவர்களும் உள்ளனர்.

சிறு பிள்ளையிலிருந்தே இப்படிப் பலவீனமாக இருந்து, இரத்தமும் ஒன்றும் காட்டாவிட்டால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். பிறப்பிலேயே மரபணுவால் வருகிற, இதைப்போன்ற வேறு நோய்கள் இருக்கின்றன. சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் இவை கூடுதலாகக் காணப்படும். அவற்றுக்கு மருந்து வேறு. மச்சானைக் கட்டியதை வைத்தியரிடம் மறைக்க வேண்டியதில்லை, அது அவருக்கு உதவும் செய்தி.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இதை வாசித்துவிட்டு நாளைக்கே எல்லோருக்கும் இந்த நோய் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் ஆட்களின் களைப்புக்கும் தசை நோவுக்கும் இரத்தச்சோகை, தைரொயிட் குறைவு, வெயில் படாததால் வரும் டி விற்றமின் குறைவு என்று சாதாரண காரணங்கள் நிறைய உண்டு. அவற்றை முதலில் பார்ப்பது சரியே. இந்த நோயில் நோவு முக்கியமல்ல, விறைப்பும் மரப்பும் இல்லை. வேலை செய்யச் செய்ய ஓய்வதும், ஓய்ந்திருந்தால் திரும்புவதும்தான் அதன் அடையாளம்.

கண்டுபிடித்தால் வைத்தியம் இருக்கிறது. குளிசை, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து, சிலருக்கு நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுக்கும் சத்திரசிகிச்சை. அந்தச் சத்திரசிகிச்சை பயன் தருகிறது என்பதை 2016இல் ஒரு பெரிய ஆய்வு உறுதிப்படுத்தியது. அதை முன்னின்று தொடக்கிய நியூசம்-டேவிஸ் முடிவைக் காணவில்லை, 2007இல் விபத்தில் இறந்துவிட்டார். இந்தி நடிகர் அமிதாப் பச்சனுக்கும் 1982ஆம் ஆண்டு 'கூலி' படப்பிடிப்பில் ஏற்பட்ட விபத்துக்குப் பிறகு இந்த நோய் வந்தது. அதன்பின் அவர் எத்தனை படம் நடித்தார் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. நோயோடு வேலையும் குடும்பமும் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்க, 1971இல் தொடங்கப்பட்ட முஸ்கெல்ஸ்விண்ட்ஃபொண்டன் என்ற சங்கம் ஓகூஸ் நகரில் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஒன்று: தாயின் எதிர்ப்பொருள் பிள்ளைக்கும் போவதால், பத்தில் ஒன்று இரண்டு குழந்தைகள் பிறந்தவுடன் சோர்வாக, பால் உறிஞ்ச முடியாமல் இருக்கும். சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். ஆனால் பிரசவ அறையில் முதலே தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து விடயத்திலும் கவனம். சிப்ரோஃப்ளொக்சசின், ஜென்டமைசின் போன்ற சில அன்ரிபயற்றிக், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பீற்றா வகைக் குளிசைகள், குவினைன், மக்னீசிய ஊசி ஆகியவை இந்த நோயைச் சட்டென்று கூட்டிவிடும். இந்தியாவுக்கு உறவினரைப் பார்க்கப் போய், வயிற்றோட்டம் என்று பாமசியில் கேட்டு வாங்கிக் குடிக்கிற குளிசையில் இவை இருக்கக்கூடும். நோயின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி பணப்பைக்குள் வைத்திருங்கள்.

கடைசியாக அவசரம். இந்த நோயாளிகளில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேருக்கு எப்போதாவது மூச்சுத் தசையே ஓய்ந்துபோகும் நிலை வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். பெயர் கிடைக்காமல் அலைகிற காலமும் அதே இரண்டு வருடம்தான். மூச்சுத் தசை ஓய்ந்தவரைக் காப்பாற்றும் வழி இந்த நகரத்தில்தான் வழிக்கு வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1952இல் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பிளைடம் வைத்தியசாலையில் பியோன் இப்சன் என்ற வைத்தியர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஆயிரத்து ஐந்நூறு மாணவர்கள் வரை முறை மாற்றி, இரவு பகலாகக் கையாலேயே பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க வைத்தார். இன்று உலகம் முழுவதும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதிலிருந்து வந்தவை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் இயந்திரம் மூச்சை ஏற்றுக்கொள்ளும், சில நாளிலோ கிழமைகளிலோ தசை திரும்பும்.

ஆகவே, விழுங்க முடியாமல் எச்சில் புரைக்கேறினால், தண்ணீர் மூக்கால் வந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடியாவிட்டால் வைத்தியர் திறக்கும் நேரம் வரை இருக்க வேண்டாம், 1813ஐயும் சுற்ற வேண்டாம். 112ஐ அழைத்து, மூச்சு என்பதை முதல் சொல்லாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நோயின் பெயர், அதற்குப் பிறகு முகவரி. இரத்தப் பரிசோதனை என்ன சொன்னது என்பதை அந்த நேரத்தில் எவரும் கேட்கமாட்டார்கள்.